இஞ்சித் தண்ணீர் வந்த வழி

வீட்டில் முதலில் படித்தவனுக்கு ஒரு தொல்லை உண்டு. அவன் படித்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன படித்தான் என்பது ஒருவருக்கும் தெரியாது. நான் படித்தது நூலகவியல். வேலை கிடைத்தது எர்ணாகுளத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் நூலகத்தில். இந்த இரண்டு செய்திகளும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் சுருங்கி, "செந்தில் மெடிக்கல் காலேஜ்ல இருக்கான்" என்று ஆகிவிட்டன. மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மூட்டை தூக்கும் அப்பாவுக்கும், அதே கிட்டங்கியில் சுக்கு பொறுக்கும் அம்மாவுக்கும் அதற்கு மேல் விவரம் தேவைப்படவில்லை. தெருவுக்கும் தேவைப்படவில்லை. யாருக்குக் கால் வீங்கினாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். நானும் குனிந்து பார்த்து, நெற்றியைச் சுருக்கி, "டாக்டர்ட்ட காட்டிருங்க" என்பேன். (அந்த ஆலோசனை ஒருமுறைகூடத் தவறாததால் என் மதிப்பு கூடிக்கொண்டே போனது.)

வேலை தற்காலிகமானது. ஒவ்வொரு வருஷமும் என் ஃபைல் பிரின்சிபால் மேடத்தின் மேஜைக்குப் போய், கொஞ்ச நாள் வெயில் காய்ந்துவிட்டு, இன்னொரு வருஷ நீட்டிப்போடு திரும்பி வரும். அப்படி அது மேஜையில் கிடந்த ஒரு சமயத்தில் மேடம் என்னைக் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அதுதான் பயமே.

"முதல் வருஷப் பிள்ளைங்க எதுக்கெடுத்தாலும் போனைத் தடவுறாங்க. முதல்ல எது வருதோ அதுதான் வேதம். நெட்ல மருத்துவத் தகவலை எப்படித் தேடணும், வந்ததுல எதை நம்பணும், எதைக் குப்பையில போடணும், இதெல்லாம் லைப்ரரிதான் சொல்லிக் குடுக்கணும். செந்தில் ஒரு கிளாஸ் எடுக்கட்டும். நான் வந்து பின்னால உட்கார்றேன்."

சொல்லிவிட்டு என் ஃபைலின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. அடுக்களையில் கேஸ் சிலிண்டரை மாணவராக நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தினேன். படகில் எர்ணாகுளம் போகும்போது, "இதை எழுதியது யார்? எப்போது எழுதினார்? என்ன ஆதாரம்? இதனால் யாருக்கு லாபம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்ததில், பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். இந்த நான்கு கேள்விகளும்தான் என் பாடத்தின் தூண்கள். கூரை, கடைசியில் வரும் ஒரு கட்டளை: செய்தி யார் வழியாக வந்ததோ அவரோடு நிற்காதே, அது பிறந்த இடம்வரை தேடிப் போ.

பாடத்துக்கு ஒரு குப்பைச் செய்தி தேவைப்பட்டது. நெட்டில் குப்பைக்கா பஞ்சம்? ஆனால் எனக்கு எல்லாக் குற்றங்களும் ஒரே இடத்தில் இருக்கிற குப்பை வேண்டும். ஆகவே நானே தயாரித்தேன். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, ஓரத்தில் ஒரு ஸ்டெதாஸ்கோப். மலையாளத்தில், 'இஞ்சியும் சீரகமும் ஊறிய தண்ணீரை விடியற்காலையில் கிழக்கு பார்த்துக் குடியுங்கள். பிரஷர் மாத்திரைக்கு விடை கொடுங்கள். வெளிநாட்டு விஞ்ஞானிகள் வியப்பு' என்று எழுதினேன். எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை, எந்த விஞ்ஞானி என்றில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக மாத்திரையை நிறுத்தச் சொல்கிறது. அவ்வளவு அழகான பொய்யை நான் அதற்கு முன் எழுதியதில்லை. பெருமை தாங்காமல் தங்கை செல்விக்கு அனுப்பி, 'எப்படி இருக்கு?' என்று மட்டும் கேட்டேன். 'சூப்பர்ணா' என்று பதில் வந்தது. இது பாடத்துக்கு, பொய் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். நான்கு கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவனுக்கு அது தோன்றவில்லை.

வகுப்பு நாள் காலையில் வயிறு என்னைக் கைவிட்டது. குளியலறைக்கும் வாசலுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த என் கையில் அம்மா ஒரு பாட்டிலைத் திணித்தார். "குடிச்சுக்கிட்டே இரு, வயித்துக்கு நல்லது" என்றார். என்ன ஏது என்று கேட்கவில்லை. அம்மா கொடுத்ததற்கெல்லாம் யார் ஆதாரம் கேட்பார்கள்?

அரங்கம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் மேடம், மடியில் என் ஃபைல். (வேறு ஃபைலாகவும் இருக்கலாம். எனக்கு அன்று எல்லா ஃபைலும் என் ஃபைல்.) வகுப்பு மலையாளத்தில் நடந்தது, இங்கே தமிழில் சொல்கிறேன். தொண்டை வறண்டபோதெல்லாம் பாட்டிலை எடுத்துக் குடித்தேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் விதத்தைக் காட்டினேன். யாரும் தூங்கவில்லை. தைரியம் வந்தது. திரையில் என் மஞ்சள் படத்தைப் போட்டு, கொஞ்சம் விறுவிறுப்புக்காக, "இந்தச் செய்தி இப்போது கொச்சி முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது" என்றேன்.

இரண்டாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. சுள்ளிக்கல்லிலிருந்து வரும் நிஹாலா.

"ஆமா சாரே, எங்க வீட்டுக்கும் வந்துச்சு. வாப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டார்."

சிரித்தேன். அவளும் வகுப்பை விறுவிறுப்பாக்குகிறாள் என்று நினைத்தேன். அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். அதே மஞ்சள். அதே ஸ்டெதாஸ்கோப். நான் வேண்டுமென்றே வைத்த அதே எழுத்துப்பிழை.

மேடம் எழுந்து நின்றார். "நல்ல உதாரணம். பிறந்த இடம்வரை போகணும்னு சொன்னாரில்லையா சார்? இப்பவே போவோம். முதல்ல வீட்டுக்குப் போடு மோளே."

"நேரம் போதாது மேடம்" என்றேன்.

"அடுத்த கிளாஸ் என்னுது. எடுத்துக்கோங்க."

நிஹாலா உம்மாவுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கி மைக்கின் அருகே வைத்தாள். வாப்பா உடனே மாத்திரை போட வேண்டும், அந்தச் செய்தி பொய் என்றாள்.

"அவர் கேக்க மாட்டார்டீ. மெடிக்கல் காலேஜ் சார் சொன்னதாச்சே."

"நானும் மெடிக்கல் காலேஜ்தானே உம்மா."

"நீ இப்பத்தானே சேர்ந்திருக்க."

அரங்கம் சிரித்தது. நான் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

"உம்மா, உங்களுக்கு இதை யாரு அனுப்பினது?"

"தையல்கார ஜோசப் சேட்டன். நைட்டி தைக்கக் குடுத்தேன். நைட்டி வரல, இதுதான் வந்துச்சு."

மட்டாஞ்சேரியில் ஜோசப் என்ற பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தையல்காரர்களும் நிறைய இருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு தையல்கார ஜோசப் இருப்பது தற்செயல். நிஹாலா உம்மாவிடம் எண்ணைக் கேட்டு வாங்கி அழுத்தினாள். பின்னணியில் தையல் மிஷின் ஓடியது. அதற்கும் பின்னணியில், எங்கள் தெருமுனையில் கயிறு கட்டியிருக்கும் ஆடு கத்தியது. அந்த ஆட்டின் குரல் எனக்குத் தெரியும்.

"மேடம், கரண்ட் போயிரும் போலிருக்கு" என்றேன்.

"கரண்ட் போனா போனுக்கு என்ன?" என்றார் மேடம்.

"அதா?" என்றார் ஜோசப் சேட்டன். "மாரிச் சேச்சி அனுப்பினது. கூடவே அவங்க பேசின வாய்ஸ் மெசேஜும் உண்டு. நான் தெரு முழுக்கப் போட்டேன், நல்ல காரியமல்லே. நம்பர் எழுதிக்கோ."

நிஹாலா கரும்பலகையில் எண்ணை எழுதினாள். வீட்டுக்கு முதல் போன் வந்தபோது நான் மனப்பாடம் செய்த எண் அது. என் வாழ்நாளில் முதல்முறையாக, அம்மா போனை எங்காவது தொலைத்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஹலோ, ஆரு?"

"சேச்சி, இஞ்சித் தண்ணி மெசேஜ் நீங்க அனுப்பினதா?"

"நானேதான் மோளே. குடிச்சியா?"

"அது உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"எம் மவன் அனுப்புனது. அவன் மெடிக்கல் காலேஜ்ல பெரிய சாரு. டாக்டர் பிள்ளைகளுக்கே அவந்தான் சொல்லிக் குடுக்கணும். பேரு செந்திலு."

இருநூறு கண்கள் என்னிடம் திரும்பின. (கண்ணாடி போட்டவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும்.) அம்மா நிறுத்தவில்லை.

"இன்னைக்கு அவனுக்கு ஏதோ கிளாஸாம். பாவம், பயத்துல விடியக்காலையில இருந்து வயித்தால போய்க்கிட்டு இருந்துச்சு. ஒண்ணுமே திங்கல. அந்த இஞ்சித் தண்ணியத்தான் பாட்டில்ல ஊத்திக் குடுத்து விட்டிருக்கேன்."

பாட்டில் என் கையில் இருந்தது. மூடி திறந்திருந்தது. கீழே வைப்பதா, மறைப்பதா, மிச்சத்தையும் குடித்துவிடுவதா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன். பாடத்துக்காக நானே எழுதிய பொய், தங்கைக்கு அனுப்பியது, அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும் என்று, யாரும் கேட்காத, எழுதும்போது ஓடிய மின்விசிறியின் வேகம் வரைக்கும் உளறினேன்.

மேடம் மேடைக்கு நடந்து வந்தார். அந்த நடை முடிவதற்குள் நான் வேலையிழந்து, பஜாரில் அப்பாவுக்குப் பக்கத்தில் மூட்டை தூக்கி, முதுகு பிடித்து, கிழவனாகிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "முதல்ல அந்த வாப்பா" என்றார். "சார் பேசட்டும்."

மேடத்தின் போனில் வாப்பா வந்தார். கட்டைக் குரல்.

"இக்கா, நான் அந்த மெடிக்கல் காலேஜ் செந்தில். அந்தச் செய்தியை எழுதினது நான்தான். அது பொய். தயவுசெய்து மாத்திரையை விடாதீங்க."

"அப்போ நேத்து வரைக்கும் பொய் சொன்ன ஆளு, இப்ப சொல்றது உண்மைன்னு நான் எப்படி நம்புறது?"

எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். கேஸ் சிலிண்டர் ஒருநாளும் கேட்காத கேள்வி அது.

"நம்ப வேண்டாம் இக்கா" என்றேன். "என்னையும் நம்ப வேண்டாம். மாத்திரை எழுதிக் குடுத்த டாக்டருக்கு இப்பவே போன் பண்ணிக் கேளுங்க."

"அது சரி" என்று வைத்துவிட்டார். பிறகு நிஹாலாவுக்குச் செய்தி வந்தது: டாக்டர் திட்டினாராம், வாப்பா மாத்திரை போட்டுவிட்டாராம். அதற்குப் பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

இதற்கிடையில் அம்மாவை யாரும் துண்டிக்கவில்லை. நிஹாலாவின் போனில் அவர் அப்படியே காத்திருந்திருக்கிறார். மேடம் அதை எடுத்தார்.

"சேச்சி, நான் பிரின்சிபால் பேசறேன்."

"மேடம் உங்களத்தான் கும்பிடணும்னு இருந்தேன். எம் மவன் வேலைய நெரந்தரமாக்கி விட்டுருங்க மேடம். புள்ள வருஷா வருஷம் பயந்து பயந்து சாகுறான்."

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அங்கே அம்மாவின் எண் இருந்தது.

"முதல்ல நீங்க யார் யாருக்கு அனுப்பினீங்களோ எல்லாருக்கும் அது பொய்னு சொல்லணும்" என்றார் மேடம். "மத்ததைப் பார்ப்போம்."

அன்று மாலை முழுக்க அம்மாவும் செல்வியும் போனில் இருந்தார்கள். மாணவர்களும் ஆளுக்குச் சிலராகப் பிரித்துக்கொண்டு கூப்பிட்டார்கள். பொய் போன வேகத்தில் மறுப்பு போகவில்லை. ஜோசப் சேட்டன், "அப்போ நான் குடிச்சதெல்லாம்?" என்று வாசலில் வந்து நின்று கேட்டார். மேடம் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்: "கிளாஸ் யாருக்கும் மறக்காது, செந்தில்." அது பாராட்டா என்று இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். ஃபைல் வழக்கம்போல ஒரு வருஷ நீட்டிப்போடு திரும்பியது.

அம்மாவின் கதையில் இதெல்லாம் வேறு மாதிரி. அவர் மெடிக்கல் காலேஜில் போன் வழியாக ஒரு வகுப்பு எடுத்தார், பிள்ளைகள் வாயைத் திறக்காமல் கேட்டார்கள், பிரின்சிபால் மேடமே லைனில் வந்து, நூறு டாக்டர்கள் சாட்சியாக, மகனுக்கு வேலையை நிரந்தரமாக்கித் தருவதாக வாக்குக் கொடுத்தார். 'பார்ப்போம்' என்பது முதல் சுற்றிலேயே உதிர்ந்துவிட்டது. 'வாக்கு' இரண்டாம் சுற்றில் உதிர்ந்தது. போன மாதம் திருப்பூணித்துறையிலிருந்து எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், பையனுக்கு நிரந்தர வேலை என்று கேள்விப்பட்டோம் என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டேன். தையல்கார ஜோசப் சேட்டனாம்.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்ட செய்தி இப்போது கொச்சி முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கல்லூரிக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.