மூன்று பானை ஜெபம்

ஜெபம் பண்ணியே ஒரு வீட்டைப் பட்டினி போட்டவள் எங்கள் ஊரில் ஒருத்திதான் உண்டு. அது நான்தான்.

கல்யாணமாகி ஆறாவது மாதமே என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய்விட்டார். அங்கே ஒரு கருவாட்டு மண்டியில் வேலை. ஆற்றங்கரை வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். மாதம் ஒரு கடிதம் வரும். அதை மாமியாருக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். எனக்கென்று அதில் ஒரு சொல் இருக்காது. (அம்மா கேட்க வாசிக்கிற கடிதத்தில் மனுஷன் என்னதான் எழுதுவார்?)

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை ஜெபத்தோடு காணிக்கைப் பானையில் போட வேண்டும். சேர்ந்ததை ஸ்தோத்திரப் பண்டிகையன்று ஆலயத்தில் படைத்து ஏலம் விடுவார்கள். இதோடு நின்றிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார், "காலையும் ராத்திரியும் முழங்கால் போட்டாப் போதுமா? தண்ணி கோரும்போது ஜெபியுங்க, நெல்லுக் குத்தும்போது ஜெபியுங்க" என்று பிரசங்கித்துவிட்டார்.

எனக்கோ வெறுங்கையோடு ஜெபிக்கத் தெரியவில்லை. கப்பலை நினைத்தால் ஒரு கை அரிசி. பெட்டியில் அவர் வேட்டி கண்ணில் பட்டால் ஒரு கை. கடிதம் வந்தால் இரண்டு கை, வராவிட்டால் நாலு. அவர் திரும்பி வர வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் நான் ஆண்டவரிடம் கேட்டதாக நினைவில்லை.

"ஏட்டி, கஞ்சிக்குள்ள எம் மொகம் தெரியுதே" என்றார் மாமியார்.

"தண்ணியா குடிச்சாச் சூடு தணியும் அத்தை" என்றேன். (ஓயாமல் ஜெபிக்கிறவள் வாயில் வந்த பொய்!)

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் அவர்தான். மெலிந்திருந்தார். எத்தனை நாள் கேட்டு அழுத மனுஷன் எதிரே நிற்கிறார். நானோ கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"கப்பல்ல ஒண்ணும் திங்க முடியல. சோறு போடுங்கம்மா" என்றார்.

மாமியார் அரிசிப் பானைக்குள் கையை விட்டார். நகம் பானையின் அடியில் உரசியது.

"ஏட்டி, அரிசி எங்கட்டி?"

மூலையில் மூடி வைத்திருந்த பானைகளைக் காட்டினேன்.

"காணிக்கைல்லா அது! மூணு பானையா?"

"ஜெபம் பண்ணுனேன் அத்தை."

"ஊருக்கெல்லாமா ஜெபிச்சே?"

"இல்ல, அவியளுக்கு மட்டுந்தான்."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆண்டவருக்கென்று விட்டதைத் தொடக் கூடாது. பக்கத்து வீட்டில் கேட்கட்டுமா என்றேன். "கொழும்புல இருந்து மவன் வந்த அன்னைக்கு அரிசி கடன் வாங்கவா? ஊரு சிரிக்கும்" என்றார். கடல் தாண்டி வந்தவர் அவித்த கிழங்கைத் தின்று கருப்பட்டித் தண்ணீரைக் குடித்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. இனிக் கப்பலேறினால் இந்த மனுஷன் திரும்பவே மாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அன்று நான் அழுத அழுகை கொஞ்சமல்ல.

மறுநாள் மூன்று பானையும் ஆலயத்துக்குப் போயின. மற்ற வீட்டுப் பானைகள் முக்காலுக்கு மேல் நிறைந்திருக்கவில்லை.

"ஏம்மா, ரெண்டு பேரு இருக்கிற வீட்டுல இம்புட்டா? ஒலைக்கு ஒரு கைதானே?" என்று எல்லார் முன்னும் கேட்டார் உபதேசியார்.

என் நாக்கு சும்மா கிடந்திருக்கலாம். "ஒலைக்கு இல்லைய்யா. அவிய நெனப்பு வரும்போதெல்லாம் போட்டேன்."

பெண்கள் பக்கம் முதலில் சிரித்தது. பிறகு ஆண்கள் பக்கம் சிரிப்பில் அதிர்ந்தது. (புருஷன் பெயரைச் சொல்லவே வாய் கூசிய காலம் அது.) வீட்டில் உலை வைக்க வேண்டுமே, என் வீட்டுக்காரரே ஏலம் கேட்டார். சும்மா விட்டார்களா? "ஒமக்காகச் சேந்த அரிசில்லா, கூடக் கேளும் வே!" என்று ஆளாளுக்கு விலையை ஏற்றினார்கள். சொந்த வீட்டு அரிசியில் ஒரு பானையை இரண்டு மடங்கு விலைக்கு எடுத்து, தலையில் பானையோடு தெருவில் நடந்தார். காது சிவந்திருந்தது. ஆனால் நான் பின்னால் வருகிறேனா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

திரும்பக் கப்பலேற அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலையில், மாமியார் புளி தட்டிப் போட்ட கொட்டைகளையெல்லாம் கழுவி, ஒரு சட்டி நிறைய என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"இனி அரிசி வேண்டாம், புளியமுத்து போடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நிறுத்திராத" என்றார்.

யுத்தம் வந்தது. கடிதங்கள் தாமதமாயின. அவர் வருவதும் வருஷா வருஷம் தள்ளிப்போனது. பானை நிறையும், கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவேன். சில நாள் ஜெபிக்க வார்த்தையே வராது, முத்து விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த நாட்களில் அவரை நினைத்து ஏங்கியதுபோல் நான் எதற்கும் ஏங்கியதில்லை.

கடைசியில் ஒரேயடியாக ஊருக்கு வந்தார். அவருடைய தகரப் பெட்டியை மாமியார்தான் திறந்தார். மேலே சீட்டித் துணி, அடியில் ஒரு பிஸ்கோத்து டப்பா. ஆசையாக மூடியை நெம்பினார். விளிம்பு வரை புளியமுத்து.

"ஏலே, நம்ம ஊர்ல இல்லாத புளியமுத்தா? இதையா கப்பலேத்திக் கொண்டாந்தே?"

இன்றைக்கும் கஞ்சி நீர்த்துப்போனால் என் பிள்ளைகள் அவர் அன்று சொன்ன பதிலைத்தான் அவர் குரலிலேயே சொல்லிச் சிரிக்கிறார்கள். என் பக்கம் பார்க்காமல், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே அவர் சொன்னார்:

"கொழும்புல அரிசி வெல ஜாஸ்திம்மா."