ஆறு மணி என்ஜின்

என் மனைவி பாக்கியம் தினமும் அழுவதை நிறுத்தியே தீருவது என்று 2003 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லிக்கும் காபிக்கும் நடுவில் முடிவெடுத்தேன். இதைவிடச் சின்னக் காரணங்களுக்காக அரசர்கள் படையெடுத்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் தோற்றது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

பாக்கியத்தின் தம்பி தேவப்பிரியம் அதற்கு முந்தின வருடம் மஞ்சள் காமாலையில் பதினைந்தே நாளில் போய்விட்டான். முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அவன் விட்டுப்போனது, நெட்டுக்குப்பம் கழிமுகத்தில் கட்டிக் கிடக்கும் ஒரு மரப்படகும் அதிலிருக்கும் டீசல் என்ஜினும்தான். தினமும் மாலை ஆறு மணிக்குப் பாக்கியம் அதில் ஏறிச் சாவியைத் திருப்புவாள். என்ஜின் ஐந்து நிமிடம் ஓடும். அவள் ஐந்து நிமிடம் அழுவாள். பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டு வந்து சோறு வடிப்பாள்.

கேட்டால், "ஓட்டாம வுட்டா பேட்டரி எறங்கிடும்யா" என்பாள்.

பேட்டரி இறங்கவில்லை. இவள்தான் இறங்கிக்கொண்டே வந்தாள்.

நான் அழவில்லை. அவன் இறந்த அன்றைக்கு எனக்கு வேலை இருந்தது. வண்ணாரப்பேட்டை அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவன் நான். தேவப்பிரியத்தின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் மூன்று சந்திப்பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தேன். அதோடு என் கடமை முடிந்ததாக நினைத்தேன்.

என்ஜினும் எனக்குத் தெரியும். படகு என்ஜின் பராமரிப்புக் கையேடு ஒன்றுக்கு இரண்டு பதிப்புகள் மெய்ப்புப் பார்த்தவன். சாவியைத் திருப்பினால் ஒரு மெல்லிய ஒயர் வழியாக செல்ஃப் மோட்டாருக்குச் செய்தி போகும். செல்ஃப் என்ஜினைச் சுழற்றும். ஒயரைப் பிடுங்கினால் செய்தி போகாது. என்ஜின் ஓடாது. அழுகைக்குத் துணை இருக்காது.

பாக்கியம் சர்ச்சில் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் பிடுங்கினேன்.

மாலை ஆறு மணிக்கு எனக்கும் தற்செயலாகப் படகுப் பக்கம் வேலை வந்தது. அவள் சாவியைத் திருப்பினாள். மௌனம்.

"இன்னாய்யா, சத்தமே காணோம்?"

"இரு, பாக்கறேன்." பாக்கெட்டிலிருந்து டெஸ்ட் லேம்பை எடுத்தேன். ஒரு பல்பு, இரண்டு ஒயர். மின்சாரம் வருகிற இடத்தில் எரியும்.

"அத்த எப்பலேர்ந்து பாக்கெட்டுல வச்சிகினு சுத்தறே?"

"ஆம்பளன்னா கையில ஒரு கருவி இருக்கணும்."

"அது சரி."

பேட்டரி முனைகளில் வெந்நீர் ஊற்றினேன். பச்சைக் களிம்பைச் சுரண்டினேன். சும்மா இருக்கவும் முடியவில்லை. "இத்த இக்னிஷன் சாவின்னு சொல்றதே தப்பு பாக்கியம். டீசல் என்ஜினுக்குப் பொறி கிடையாது. அழுத்தத்துலதான் தீப்பிடிக்கும்."

"செத்துக் கெடக்குது. அதுக்குப் பேரு தப்புன்றியா?"

பக்கத்துப் படகில் வலை பிரித்துக்கொண்டிருந்த வெள்ளத்துரை எட்டிப் பார்த்தான். "இன்னா மாமு, ஆபரேசனா? ஆளு பொழைக்குமா?"

ஒரு மணி நேரம் எல்லா இடத்தையும் சோதித்தேன், பிடுங்கிய இடத்தைத் தவிர. பிறகு எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னேன். "செல்ஃபு பூட்சி. இனிமே ஓடாது."

அவள் அழவில்லை. வென்றுவிட்டேன்!

மறுநாள் ஆறு மணிக்கு வாசற்படியில் உட்கார்ந்து கழிமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பேசவுமில்லை. சோற்றைத் தட்டில் போட்டு, அப்படியே மூடி வைத்தாள். அதற்கடுத்த நாள் தம்பியின் சட்டை ஒன்றை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். அழுகிற மனைவியோடு ஒரு வருடம் இருந்துவிட்டேன். அழாத மனைவியோடு இரண்டு நாள் தாங்கவில்லை.

புதன்கிழமை அச்சகத்துக்கு லீவு சொன்னேன். அவள் மார்க்கெட்டுக்குப் போனதும் ஒயரைத் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினேன்.

மௌனம்.

இப்போது உண்மையாகவே சோதித்தேன். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் மாட்டிக்கொண்டு மறுமுனையால் தொட்டுப் பார்த்தேன். சாவியில் பல்பு எரிந்தது. மெல்லிய ஒயரில் எரிந்தது. செல்ஃபில் எரிந்தது. தொட்ட இடமெல்லாம் எரிந்தது. என்ஜின் மட்டும் அசையவில்லை. வியாழனும் அப்படியே. வெள்ளிக்கிழமை மாலை, கையெல்லாம் கிரீஸோடு பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

"டேய் தேவா, எங்கடா கோளாறு? சொல்லித் தொலையேன்டா."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று. உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பான். "மாமா, பொஸ்தகத்த மூடிட்டு தள்ளி உக்காரு" என்றிருப்பான். தள்ளி உட்கார்ந்தேன். பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது.

பிறகு நான் போட்ட சத்தத்துக்கு என்ஜினே தேவைப்படவில்லை. வெள்ளத்துரை வலையை அப்படியே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கரைக்குப் போனான்.

எவ்வளவு நேரமோ தெரியாது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பாக்கியம் ஏறியிருந்தாள். மண்டியிட்டு, என்ஜினுக்கு அடியில் எண்ணெய்த் தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு தடித்த ஒயரை இழுத்தாள். அதன் முனையில் பிளாஸ்டிக் சுற்றியிருந்தது. பிரித்தாள், துடைத்தாள், என்ஜினோடு போல்ட் போட்டு முறுக்கினாள். சாவியைத் திருப்பினாள்.

ஓடியது.

"எர்த்து ஒயரு. மரப்படகுய்யா இது, கரண்டு திரும்பிப் போவ வேற வழி கெடையாது. பல்ப பேட்டரியிலயே மாட்டிகினு பாத்தா எல்லா எடத்துலயுந்தான் எரியும். பொஸ்தகத்துல எழுத்துப்பிழை மட்டும் பாத்தியா, விசயத்தப் படிக்கவே இல்லியா?"

"யாரு கழட்டினது?"

"நான்தான். திங்கக்கெழம."

"நீயா!"

"படகு பூரா களிம்பு. நீ சுரண்டின பேட்டரிய வுட்டா, செல்ஃபுக்குப் போற ஒயரு முனை மட்டும் பளபளன்னு கீது. அவனுக்கு ஸ்பேனரு எடுத்துக் குடுத்தே வளந்தவ நானு. எனக்குத் தெரியாதா? திரும்ப மாட்ட நீ வருவேன்னும் தெரியும். கடைசி வரைக்கும் தாங்கற தைரியம் உனக்கு ஏது?"

"அப்ப மூணு நாளா என்னை வேணும்னே..."

"அவன் போனதுலேர்ந்து இந்தப் படகுல நீ வந்து உக்காந்தியாய்யா? ஒரு வருசமா நான் ஒருத்தியே அழுதுகினு கீறேன். உனக்கும் தோஸ்துதானே அவன்?"

"நீ சாப்பிடாம கெடந்தியே, அதுவும் நடிப்பா?"

"அது நெசம்."

என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இருவரும் பலகையில் உட்கார்ந்திருந்தோம், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையை இழுத்து என் மூக்கைத் துடைத்தாள். கிரீஸோடு சேர்த்து.

"நாளைலேர்ந்து ஆறு மணிக்கு நீ வந்து ஓட்டு. எனக்கு வூட்டுல வேல தலைக்கு மேல கீது."

தினமும் மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட அனுமதி வேண்டி அச்சக முதலாளிக்கு அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினேன். பாக்கியம் சொல்லச் சொல்ல.