243-க்கு வைத்த பொட்டு

எதை வாங்குவதென்றாலும் ஊர் உலகத்தின் கருத்தையெல்லாம் படித்துவிட்டு, கடைசியில் குழம்பிப்போய் நிற்கிற ஆள் நான். மகளுக்கு கார் சீட் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் அவள் அந்த அளவைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். (நிஜமாகத்தான்.)

அப்படிப்பட்ட என்னிடம் என் கணவர் கார்த்தி சொன்னார்: "டேவ் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கார். ரைஃபிள் வாங்கணும். எந்த கேலிபர்னு கொஞ்சம் பாரேன்."

டேவ் அவருடைய மேனேஜர். நாங்கள் டெக்ஸஸுக்கு வந்த புதிது. அந்த டீமில் கார்த்தியை யாரும் சாப்பிடக்கூடக் கூப்பிட்டதில்லை. இதில் சொதப்பினால் அவ்வளவுதான். (மான் செத்தால் பாவம் யாருக்கு என்றும் யோசித்தேன். டேவுக்கு என்று முடிவு செய்தேன்.)

கேலிபர் என்பது தோட்டாவின் தடிமன். பெரிய 308 வாங்கினால், சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதையில் மானோடு சேர்ந்து கார்த்தியின் தோள்பட்டையும் விழும். சின்ன 243 அவ்வளவாக உதைக்காது. ஆனால் மான் வெறும் காயத்தோடு ஓடிவிட்டால்?

"இந்த ஊர் மானுக்கு ரெண்டுமே போதும், மேடம்" என்றார் கடைக்காரர். என்னைப் போன்றவளிடம் சொல்லக் கூடாத பதில் அது. கடைசியில் எண்களைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டும் நான்கும் மூன்றும் ஒன்பது. ராசியான எண். நான் படித்த எம்.எஸ்சி. இயற்பியல் வாயை மூடிக்கொண்டது.

கார்த்தி பயிற்சியெல்லாம் முடித்தார். வேட்டைக்குக் கிளம்பும் நாள் வந்தது. ஆயுத பூஜைக்கு மிக்ஸிக்கும் லேப்டாப்புக்கும் பொட்டு வைக்கிறோம், நிஜ ஆயுதத்தைச் சும்மா அனுப்பலாமா? அவர் குளிக்கப் போயிருந்தபோது சந்தனம் குழைத்தேன். (தோட்டா இல்லைதானே என்று அவரிடம் முன்பே இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன்.) பொட்டு வைக்கத் தோதாக, கண் மாதிரி வட்டமாக இருந்தது குறிபார்க்கும் தொலைநோக்கியின் கண்ணாடிதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் குங்குமம். மூடியைப் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அங்கே மான் வந்து நின்றதாம். "சுடு" என்று டேவ் கிசுகிசுத்திருக்கிறார்.

"எல்லாமே மஞ்சளா இருக்கு, டேவ்."

கர்சீப்பால் துடைக்கத் துடைக்க அது இன்னும் பரவியிருக்கிறது. டேவ் விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்து, "இது என்ன, மசாலாவா?" என்றாராம்.

"இல்ல. என் மனைவியோட பிரார்த்தனை."

டேவ் சிரித்த சிரிப்பில் அந்தப் பண்ணையில் இருந்த மான்களெல்லாம் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விட்டன. அன்று முதல் ஆபீஸில் எந்தத் திரையில் படம் தெரியாவிட்டாலும், "கார்த்தியின் மனைவி வந்துவிட்டுப் போனாரா?" என்றுதான் கேட்கிறார்கள். சாப்பிடவும் கூப்பிடுகிறார்கள்.

போன வாரம் ஒரு நண்பர் எங்கள் வீட்டுக்கு வந்து, மானுக்கு எந்த கேலிபர் நல்லது என்று கேட்டார். கார்த்தி என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எதை வேணா வாங்கு மச்சான். வீட்ல மட்டும் காட்டிடாத."