தஸ்மானியாவுக்கு அம்மா செய்த திருத்தம்

படித்தவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். (இதை நான் சொல்லாத நாளே இல்லை என்று தம்பி சொல்வான். பொய். காய்ச்சல் நாட்களில் சொன்னதில்லை.) பிறகு வைன் ருசிபார்க்கும் படிப்பையும் முடித்து, சான்றிதழைப் பிள்ளையாருக்கும் இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கும் நடுவில் மாட்டினேன். அப்பா கற்பூரம் காட்டும்போது அதற்கும் சேர்த்துத்தான் காட்டுவார்.

சிசிலியில் நாங்கள் இருக்கும் நகரத்தின் கால்சாப் பகுதியில், ஒரு வைன் கடையில் தற்காலிகமாகப் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஒரு மாலை, வாடிக்கையாளர் பத்துப் பேருக்கு நானே வைன் ஊற்றி விளக்க வேண்டும், அவர்கள் மெச்சினால் நிரந்தர ஒப்பந்தம் என்று முதலாளி சல்வோ சொன்னார். சிசிலிக்காரருக்கு அவர்களுடைய வைனையே ஊற்றினால் என் படிப்பு எப்படித் தெரியும்? அவுஸ்திரேலியாவின் பினோ நுவார் என்ற சிவப்பு வைனைத் தேர்ந்தெடுத்தேன்.

மெல்பேர்ண் மாமா மூன்று போத்தல்களை உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். இடத்துக்கு ஒன்றாக யாரா பள்ளத்தாக்கு, மோர்னிங்டன் குடாநாடு, தஸ்மானியா. (குடாநாடு என்று கேட்டதும் யாழ்ப்பாணத்து அப்பாவுக்கு அந்தப் போத்தல்மேல் தனிப் பாசம்.) பினோ நுவார் தோல் மெலிந்த திராட்சை. வெயில் கூடினால் கெட்டுவிடும், குளிர்காற்று வேண்டும். வைனும் வெளிறித்தான் இருக்கும், கிளாசுக்குப் பின்னால் பிடித்த விரல் தெரியும். ஆனால் செர்ரியும் நனைந்த மண்ணுமாக மணக்கும். விழுங்கிய பிறகுதான் அதன் ருசி மெல்ல விரியும்.

அன்று காலை மூன்றையும் திறந்து ஒவ்வொரு வாய் பார்த்தேன். அவை திருகுமூடிப் போத்தல்கள். திரும்ப மூடி வீட்டு அடுப்படியில் வைத்துவிட்டு, முடியை நேராக்கிக்கொள்ளச் சலூனுக்குப் போனேன்.

மாலையில் அம்மாவும், அவர் பதினெட்டு வருடமாகச் சமைத்துக் கொடுக்கும் வீட்டு எஜமானி சிஞோராவும் கடைக்கு வந்தார்கள். சிஞோராவை நான்தான் அழைத்தேன். வேலைக்காரியின் மகள் எவ்வளவு உயர்ந்துவிட்டாள் என்று அவர் பார்க்க வேண்டாமா? ஆரம்பிக்கும் முன்பே ஒருவர் வெற்றுக் கிளாஸை என் கையில் திணித்து, நிபுணர் எப்போது வருவார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அப்போது நிமிர்ந்த தலை பிறகு குனியவே மறுத்துவிட்டது.

யாராவுக்குத் தலையாட்டினார்கள். மோர்னிங்டனுக்கு ஒருவர் இரண்டாம் முறை கிளாஸை நீட்டினார். கடைசியாகத் தஸ்மானியாவை ஊற்றினேன். நிறம் கறுத்துத் தெரிந்தது. வேறு யாராவது என்றால் மணந்து பார்த்திருப்பார்கள். நான் படித்தவள். தென்துருவக் காற்று கொடியை வாட்டுவதால் வரும் அடர்த்தி இது என்று அந்த இடத்திலேயே ஒரு விஞ்ஞானத்தை உண்டாக்கினேன். சிசிலியின் சூட்டில் இந்த நளினம் ஒருநாளும் வராது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

சிஞோரா இரண்டு முறை உறிஞ்சினார். "இது என் தம்பியின் தோட்டத்து வைன்," என்றார்.

நான் இரக்கத்தோடு சிரித்தேன். பழக்கமில்லாத நாக்கு அப்படித்தான் குழம்பும் என்று விளக்கினேன்.

பின்வரிசையில் அம்மா எழுந்தார். "சிஞோரா சொல்லுறது சரி பிள்ளை. உன்னை ஆரோ ஏமாத்திப் போட்டாங்கள். மற்ற ரெண்டையும் விட அது தண்ணி மாதிரிக் கிடந்தது. அரைவாசியைக் கொட்டிப்போட்டு, நத்தாருக்குச் சிஞோரா தந்ததை விட்டு நிரப்பினனான். உன்ர மானம் போகக் கூடாதெண்டுதான்."

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. சிஞோரா ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார்ப் பரிசாகத் தரும் போத்தல்கள் சிங்குக்குக் கீழே, தரை கழுவும் மருந்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். அம்மாவுக்கு வைனும் பாலும் ஒன்றுதான். வெளிறினால் தண்ணீர் கலந்தது.

தமிழில் சொன்னது போதாதென்று, இத்தாலியனிலும் கைகளை ஆட்டி எல்லோருக்கும் விளக்கினார். பள்ளிக்கூடத்தில் படிக்காத இத்தாலியன்தான். ஒருவருக்கும் புரியாமல் போகவில்லை. கிளாஸ் நீட்டியவர் கண்ணீர் வரச் சிரித்தார். சிஞோரா மட்டும் தம்பியின் வைன் நளினமானது என்று நான் சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார்.

சல்வோ சிரிக்கவில்லை. தான் கொண்டுவந்த போத்தலையே அடையாளம் தெரியாதவளுக்கு ஒப்பந்தம் எதற்கு என்று கேட்டுவிட்டு, கிளாஸ்களைக் கழுவச் சொன்னார். மூன்று மாதம் கழித்து, பெயர் தெரியாதபடி துணி சுற்றிய ஐந்து போத்தல்களை என் முன்னே வைத்து, எது எந்த வைன் என்று கேட்டார். நான்கைச் சரியாகச் சொன்னேன். ஐந்தாவதை மணந்தேன், குடித்தேன், மறுபடி மணந்தேன். தெரியவில்லை என்றேன். அன்றுதான் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒப்பந்தத்தையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். ஆனால் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேத்தண்ணி கொஞ்சம் வெளிறி வந்தால் போதும், அப்பா கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார்.

"என்ன, தஸ்மானியாவோ?"

அம்மா அடுப்படியிலிருந்து சொல்வார்: "பொறுங்கோப்பா, சிஞோராவின்ர தம்பியைக் கொண்டு வாறன்."