ஹெல்மெட் போடாத கையெழுத்து

திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த எந்தக் கலெக்டரின் கையெழுத்துக்காகவும் யாரும் இத்தனை நகம் கடித்திருக்க மாட்டார்கள். ஹெல்மெட்டின் கையெழுத்துக்காக ஆய்வு மாணவர்கள் நாங்கள் கடித்தோம்.

கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவில் வெளியாள் ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்ற விதியால் உள்ளே வந்தவர். கூட்டத்துக்கும் மஞ்சள் ஹெல்மெட்டோடுதான் வருவார்; அதுவே பெயராகிவிட்டது. ஏன் சார் என்றால் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைக் காட்டுவார்.

"அத்த மாட்டினவன் யாருன்னு உனுக்குத் தெரியுமாம்மா?"

நான் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பேட்டி கண்டு ஆய்வேடு எழுதினேன். ஒப்புதல் படிவம் நான்கு பக்கம். ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ் பக்கத்தில் நின்று ஹெல்மெட் அதை வாசித்துப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில் பஸ் கிளம்பிவிட்டது.

"பஸ்ஸ வுட்டுட்டு உன் பாரத்த படிச்சிக்கினு இருப்பாங்களா? கிறுக்கிட்டு ஓடுவாங்க. இதுக்குப் பேரு சம்மதமா?"

படிவம் ஆறு வரியானது.

ஆய்வேடு முடிந்தது. ஒப்படைக்க ஒரு வாரம்தான்; அதற்குள் ஹெல்மெட் கையெழுத்துப் போடவேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேட்டியில் ஒரு பெண் தன் சூப்பர்வைசரின் அட்டூழியத்தையெல்லாம் கொட்டியிருந்தார். அந்தப் பெண் யாரென்று தெரிந்தால் மறுநாள் அவருக்கு வேலை இல்லை. அதற்காகத்தான் பெயரை மாற்றியிருந்தேன்.

"பத்தாது" என்று ஹெல்மெட் தாளோடு தொழிற்பேட்டை வாசல் டீக்கடைக்கு நடந்தார். நான் பதறிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"பயப்படாத. அந்தப் பொண்ணு சொன்னத படிக்க மாட்டேன். அது யாருன்னு நீ எழுதிக்கிற பாரு, அத்த மட்டும்."

படித்தார். ஆரணியிலிருந்து வருபவர், இடதுகைப் பழக்கம், மூன்று பெண்களின் தாய். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தவே இல்லை.

"நம்ம செல்விக்கா. இன்னா, பரிசு கிரிசு வுழுந்துச்சா?"

தாளை வாங்கி ஆரணியை அங்கேயே அடித்தேன். அதன் பிறகு தினம் ஒரு திருத்தம், தினம் வேறொரு டீக்கடை. ஐந்தாவது கடைக்காரர்தான் தலையைச் சொறிந்தார்.

"தெர்ல நைனா. இங்க பாதிப் பேரு இப்டித்தான்."

டீ கிளாஸை ஓரம் தள்ளிவிட்டு ஹெல்மெட் அங்கேயே கையெழுத்துப் போட்டார். செல்விக்கா இன்றும் அதே வேலையில் இருக்கிறார். (செல்வி, ஆரணி, இடதுகை எல்லாம் நான் இப்போது மாற்றி எழுதியவை. ஹெல்மெட் இதைப் படிப்பார்.)

இந்தக் கதையில் ஹெல்மெட்டையும் முதலில் மறைத்துத்தான் எழுதினேன். மஞ்சள் ஹெல்மெட்டைக் குடையாக்கினேன், ஆலையைப் பள்ளிக்கூடமாக்கினேன். வாசல் டீக்கடையில் படித்துக் காட்டினேன்.

"ஹெல்மெட்டு நல்லாக்கிறாரா?" என்றார் மாஸ்டர்.

ஹெல்மெட்டிடமே போய் ஆறு வரிப் படிவத்தை நீட்டி, சம்மதம் வாங்கி, எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டேன். எப்படித் திருத்தினாலும் அந்த மனிதர் வேறு யாராகவும் ஆக மாட்டேன் என்கிறார். எனக்கும் அவர் வேறு யாராகவும் வேண்டாம்.