ரதீஸின் அம்ப்ளிபயரும் யசோதினியின் தண்ணி மோட்டரும்

ரதீஸ் ஒரு சபதம் எடுத்தான். இனி தன் அம்ப்ளிபயரைத் தானே திருத்துவான். காத்தான்குடி நஸீர் நானாவின் ரிப்பேர் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. போன தடவை அவர் பெட்டியைத் திறக்காமலே, "தம்பி, வொலியூமைக் கூட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டு, கடையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் மானத்தை வாங்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் சடங்குத் திருவிழாவின் கடைசி இரவு. களுவாஞ்சிக்குடி இசைக்குழுவுக்குக் கீபோட் என்றால் ரதீஸ்தான். கோயில் மண்டபத்தில் நடந்த ஒத்திகையில் அவனுடைய அம்ப்ளிபயர் "உர்ர்ர்" என்று இரைந்ததில் பாடகி பாட்டை நிறுத்திவிட்டு, லொறி ஏதும் வருகிறதா என்று வாசலை எட்டிப் பார்த்தாள். குழுத் தலைவர் வினாயகமூர்த்தி தன்மையாகத்தான் சொன்னார்.

"வெள்ளிக்கு முதல் சரிவராட்டி லெப்டொப்பில பாட்டைப் போடுவம் தம்பி. நீங்க முன்வரிசையில இருந்து பாருங்க."

மேடையில் இருந்தவனுக்கு முன்வரிசை! அவமானத்தில் அன்று ரதீஸுக்கு இரண்டு தட்டுக்கு மேல் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டின் முன்கூடமான சாலையின் நடுவில் பெட்டியை வைத்துப் பின்பக்கத்தைக் கழற்றினான். மனைவி யசோதினி வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க." கீபோட்டிலிருந்து அம்ப்ளிபயருக்குப் போகும் வயரின் தலையைப் பிடித்து முறுக்கினாள். இரைச்சல் நின்றது. கையை எடுத்தாள். உர்ர்ர். "இந்த வயர்தான் பழுது."

ரதீஸ் சிரித்தான். யூடியூப்பில் இரண்டு வீடியோவைக் கடைசிவரை பார்த்தவனின் சிரிப்பு அது.

"யசோ, நீ தொட்டதும் உன்ட உடம்பு எர்த் ஆகுது. அதால நிக்கிது. இது எலெக்ட்ரோனிக்ஸ். தேங்காய் துருவுற வேலை இல்ல."

"அப்ப இரைச்சல் எங்க இருந்து வருது?"

"வீட்டுக் கரண்ட்டுல இருந்து. பேன், லைட், மோட்டர், எதில பழுது இருந்தாலும் அது வயர் வழியா வந்து இதுக்குள்ள இரையும்."

"எதில பழுது இருந்தாலுமா?"

"எதில இருந்தாலும்."

"ஓ," என்றாள் யசோதினி. கொஞ்சம் நீளமான ஓ.

இதே இரைச்சல் கோயில் மண்டபத்திலும் கேட்டதே, அதற்கு வீட்டு பேன் எப்படிக் காரணமாகும் என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டிருக்கும். ரதீஸ் சின்னப் பிள்ளை இல்லை. பிரதேச செயலகத்தில் உத்தியோகம் பார்க்கிறவன்.

அது யசோதினியின் சீதன வீடு. சுவரில் ஆணி அடிக்கவும் ரதீஸ் அவளிடம் கேட்க வேண்டும் என்று ஊரில் கதைப்பார்கள். அபாண்டம். ஆணி அடிக்கச் சொல்லி வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவளே அவள்தான். பேன் முனகியது, குசினி லைட் கண்ணடித்தது, கிணற்றடி மோட்டர் தண்ணீரை இழுக்காமல் கரண்டை மட்டும் இழுத்தது. எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது: "நாளைக்கு."

அந்த நாளை, திங்கட்கிழமை விடிந்தது.

"பேன் போடக்குள்ள இரைச்சல் கூடுற மாதிரிக் கிடக்கே," என்றாள். ரதீஸ் மேசைக்கு மேல் ஏறினான். பேன் முனகலை விட்டது. அம்ப்ளிபயர் விடவில்லை. "அப்ப குசினி லைட்டா இரிக்குமோ?" என்றாள். அவனும் அதைத்தான் நினைத்திருந்தானாம். லைட்டும் புதுசாகியது.

புதன்கிழமை கிணற்றடியில் மோட்டரைக் குடல் குடலாகக் கழற்றி வைத்துக்கொண்டு, கிறீஸ் முகத்தோடு இருந்தான்.

"உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்? நஸீர் நானாட கடைக்கு அனுப்புவமா?" என்றாள் யசோதினி.

"நஸீருக்கு என்ன தெரியும்? நான் கிட்ட வந்திட்டன்."

"ஓம், எனக்கும் விளங்குது. நல்லாக் கிட்ட வந்திட்டீங்க."

பின்னேரம் தாங்கியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அம்ப்ளிபயர் உர்ர்ர் என்றது.

வியாழக்கிழமை மிச்சமிருந்தது வீட்டு எர்த் மட்டும்தான். கம்பி புதைக்க வேலியோரம் இடுப்பளவு குழி வெட்டினான். யசோதினி எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"மண் காஞ்சு கிடக்கே. எர்த்துக்கு ஈரம் வேணுமெண்டு நீங்கதானே சொன்னீங்க? அங்கால வெட்டுங்க."

அங்கால வெட்டினான். கிணற்றடியில் மூன்றாவதாக வெட்டியதுதான் சரிவந்தது. கம்பியைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், முதல் இரண்டு குழியிலும் தென்னம்பிள்ளைகள் நின்றன.

"வெட்டின குழியச் சும்மா விடுறதா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் அவனுக்கு வேலை ஓடவில்லை. லெப்டொப்பும் முன்வரிசைக் கதிரையும் கண்ணுக்குள் நின்றன. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அம்மனை நினைத்துச் சுவிச்சைப் போட்டான்.

இரைச்சல் இல்லை. கீபோட்டில் ஒரு கட்டையை அழுத்தினான். சுத்தமான சுருதி. ரதீஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா? எர்த்! எல்லாம் எர்த்!"

"உங்கட மூளைக்கு இஞ்சினியராப் போயிருக்கோணும்," என்றாள் யசோதினி.

அன்றைக்கு அவன் வாசித்த வாசிப்பில் வினாயகமூர்த்தியே தலையாட்டினார். லெப்டொப் பையை விட்டு வெளியே வரவில்லை.

காலையில், இனி ஊரார் அம்ப்ளிபயர்களையும் திருத்தலாமா என்ற யோசனையோடு சாலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். குசினியில் யசோதினி பாசிக்குடாத் தங்கச்சியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் புள்ள, பேன், லைட்டு, மோட்டர் எல்லாம் முடிஞ்சிது. ரெண்டு தென்னம்பிள்ளையும் வெச்சாச்சு. புது வயரைத் திங்கக்கிழமையே நஸீர் நானாட்ட வாங்கி அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வெச்சிட்டன். நேத்து அவர் குளிக்கப் போனவுடன மாத்திக் கொழுவினன்."

தேத்தண்ணிக் கோப்பை பாதி வழியில் நின்றது. ரதீஸ் மெல்லத் திரும்பி அம்ப்ளிபயரைப் பார்த்தான். எப்போதும் கறுப்பாகக் கிடக்கும் வயர் நீல நிறத்தில் பளபளத்தது. நேற்று ஊர் முழுக்கப் பார்த்திருக்கும். அவன்தான் பார்க்கவில்லை.

"பழைய வயரை உனக்குக் குடுத்து விடுறன், உன்ட மனிசன்ட கரோக்கிப் பெட்டியில கொழுவி விடு. ஆனா ஒரு கிழமைக்கு மேல வெச்சிராத புள்ள, எனக்கு இன்னும் குசினிக் கூரை ஒழுக்கு இரிக்கி."