ஏரோப்ளேன் அண்ணனின் வால்

1979ஆம் ஆண்டு, ஆடிப் பதினெட்டு, காலை ஆறு மணி பத்து நிமிடம். குரங்கணி மலை மேகத்துக்குள் இருந்தது. சிலமலைத் தரிசில் ஆளைத் தள்ளும் காற்று. அந்த நேரத்தில் போடி வட்டாரத்திலேயே புதுச் சட்டை போட்டுக்கொண்டு சாகத் தயாராக நின்ற ஒரே மனிதர் ஏரோப்ளேன் அண்ணன்தான்.

தொழில், ஜீப்பு மெக்கானிக். எட்டுப் பேர் போகவேண்டிய ஜீப்பில் இருபத்திரண்டு பேர் ஏலத்தோட்டத்துக்குப் போவதைத் தினமும் எண்ணிப் பார்த்தவன் நான். அந்த ஜீப்பை மலையேற வைத்தவர் அவர். ஆகவே ஒற்றை ஆள் ஆகாயத்தில் போவது அவருக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. நாலு வருடத்தில் பட்டறைக்குப் பின்னால் ஒரு விமானம் முளைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு அதன் வால் மேல்தான் சந்தேகம். வால் விறைப்பாக இல்லாமல் காற்றில் முறுக்கிக்கொண்டால், விமானத்தின் மூக்கு தன் இஷ்டத்துக்குப் போகும். இவர் வாலோ, சில்வர் ஓக் மரச்சட்டத்தில் வேட்டித் துணியை இழுத்து ஒட்டிக் கஞ்சி போட்டது. நுனியை ஒரு விரலால் அழுத்தினேன். மாடு மாதிரித் தலையாட்டியது.

பாரம் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். மழைக்கு ஒழுகாத இடம், குரங்கணியில் அவர் மைத்துனரின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்தான். வாலை அங்கே கொண்டுபோய் முட்டுக்கொடுத்து, அதன் மேல் எட்டுக் கூடை பச்சைக்காயைப் பரப்பினார்கள். நுனி நாலு அங்குலம் தொங்கியது. அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஓடிவந்தார்.

"வாத்தியாரே, வாலு தானா நிமிந்துருச்சு. சூட்டுல மரம் முறுக்கேறிருச்சு."

"ஸ்டோர்ல அடுப்பு எரிஞ்சுச்சா?"

"சீசன்ல எரியாம? காய் பாட்டுக்குக் காயட்டும்னு மாப்ள பத்தவச்சுட்டான்."

"பச்சைக்காய் அஞ்சு கிலோ, காஞ்சா ஒரு கிலோ. போடியில பொறந்தவனுக்கு இது தெரியாதாப்பா?"

"அது யாவாரக் கணக்கு வாத்தியாரே. இது விமானக் கணக்கு."

அப்படித்தான் அந்த ஆடிக் காலை வந்தது. மைக்செட் வந்தது. கவுன்சிலர் ஒருவர், போடியின் இந்த வளர்ச்சிக்குத் தாமே காரணம் என்று பேச ஆரம்பித்தார். மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வாலுக்கு ஒரு சாமந்தி மாலை. அந்தப் பாரத்துக்கே அது லேசாகச் சாய்ந்தது. அண்ணனின் மனைவி மட்டும் விமானத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எஞ்சின் உறுமியதும் வால் நடுங்கியது. கடைசியாக ஒருமுறை போய்ச் சொன்னேன்.

"வெரசா வெலகுங்க வாத்தியாரே. காத்து கூடுறதுக்குள்ள போகணும்."

விலகினேன். பின்பக்கமாக. குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு வால் மேல் உட்கார்ந்தேன். ஐம்பத்தோரு கிலோ, உலர்த்தாத எடை.

பட்டென்று ஒரே சத்தம். மூன்று எலுமிச்சம்பழமும் நசுங்காமல் இருந்தன. கவுன்சிலர் பேச்சை நிறுத்தவில்லை.

அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். முறிந்த வாலையும், அதன் மேல் கிடந்த என்னையும் பார்த்தார்.

"இத ஒக்காந்துதான் சொல்லணுமா?"

"நின்னு சொன்னேன். நீ கேக்கல."

மறுநாள் பில் வந்தது. சட்டம், துணி, ஆணி, கஞ்சிக்குத் தனியாக ஒன்றேகால் ரூபாய். கஞ்சிக்காக மட்டும் கொஞ்சம் சண்டை போட்டேன்.

இப்போதும் ஆடிக் காற்று கதவைத் தள்ளினால், பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். கேட்கிறது. அதற்கு எனக்கு ஆன செலவு, கஞ்சியோடு சேர்த்து, நூற்று முப்பத்தெட்டு ரூபாய் எழுபத்தைந்து பைசா.